"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று ஆபீஸில் சொன்னால் என்ன செய்வது

"வாங்க, ஒரு தப்புப் பண்ணலாம்" என்று ஆபீஸில் யாரும் கூப்பிடுவதில்லை. மார்ச் மாதக் கடைசி, சாயங்காலம் ஆறு மணி, சரக்கு இன்னும் பேக்கிங்கில்தான் கிடக்கிறது, வண்டி நாளை மறுநாள்தான் வரும், ஆனால் "பில்லை மட்டும் 31 தேதி போட்டு அடிச்சிருப்பா" என்று ஒரு குரல் வரும். அந்த நேரத்தில் நேர்மை, அறம் எதுவும் மனதில் தோன்றாது, எப்போது வீட்டுக்குக் கிளம்பலாம் என்பதுதான் தோன்றும். அதனால்தான் நல்ல மனிதர்கள் எல்லாம் இதில் சிக்குகிறார்கள். அக்கவுண்ட்ஸ், பர்ச்சேஸ், க்யூசி (தரப் பரிசோதனை), எச்.ஆர். என்று நடுவில் உட்கார்ந்து மேலிருந்தும் கீழிருந்தும் அழுத்தம் வாங்குகிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். முதலாளிகளுக்கும் கொஞ்சம் இருக்கிறது, பின்னால் வரும்.

முதலில் காதைப் பழக்கிக்கொள்ளுங்கள். தப்பான காரியத்துக்கென்று ஒரு பேச்சு வழக்கு இருக்கிறது. "இந்த ஒரு தடவை மட்டும்." "எல்லா கம்பெனியிலும் நடக்கிறதுதான்." "மேலே பேசிட்டாங்க, நீங்க போட்டுடுங்க." "ஆடிட்டர் பார்த்துப்பார்." இதெல்லாம்கூடச் சில சமயம் சாதாரணப் பேச்சாக இருக்கலாம். ஆனால் "இதை மெயிலில் போடாதீங்க, போன்ல பேசிக்கலாம்" என்று ஒருவர் சொன்னால், அந்தக் காரியம் எழுத்தில் நிற்காது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அங்கேயே நின்றுவிடுங்கள்.

நின்றுவிட்டு அடுத்ததாகப் பார்க்க வேண்டியது, இது உண்மையிலேயே யோசித்து முடிவெடுக்க வேண்டிய விஷயமா, இல்லை சட்டம் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்ட விஷயமா என்பது. "என்ன செய்வது, தர்மசங்கடமாக இருக்கிறது" என்று நாம் புலம்புவதில் பாதி இரண்டாவது வகைதான். தெரியாததால் சங்கடமாகத் தெரிகிறது.

பி.எஃப். எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். "இந்த மாதம் கலெக்‌ஷன் சரியில்லை, நூலுக்குப் பணம் கட்டிவிட்டு பி.எஃப். அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லும்போது அது நிதி நிர்வாக முடிவு போலத் தெரியும். ஆனால் அது கம்பெனியின் பணமே கிடையாது. பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பதைச் சட்டம் நம்பிக்கை மோசடிக் குற்றமாகத்தான் பார்க்கிறது. இப்போது தொழிலாளியும் தன் பாஸ்புக்கை மொபைலிலேயே பார்க்கிறார், ஆக மறைக்கவும் முடியாது.

ஜி.எஸ்.டி.யில் சரக்கு வராமல் பில் மட்டும் வாங்குவதும் அப்படித்தான். சரக்கோ சேவையோ வந்து சேர்ந்திருந்தால்தான் உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை, எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. வெறும் பில்லை வைத்து எடுத்தால் அபராதம், தொகை பெரிதாகப் போனால் சிறை. ஸ்டோர்ஸில் இருக்கிறவர் வராத சரக்குக்கு ஜி.ஆர்.என். (சரக்கு வந்தது என்ற பதிவுச் சீட்டு) போட்டால் அந்தத் தாளில் இருப்பது அவர் கையெழுத்து, முதலாளியுடையது இல்லை. இதைப் பல ஸ்டோர் கீப்பர்களுக்கு யாரும் சொல்லித் தருவதே கிடையாது.

லஞ்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "கொடுக்கிறவன் பாவம், வாங்குகிறவன்தான் குற்றவாளி" என்று இன்னமும் நம்புகிறவர்கள் நிறைய. 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-இல் திருத்திய பிறகு கொடுப்பதும் நேரடியான குற்றம், ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். கம்பெனிகளுக்கு என்று தனிப் பிரிவே இருக்கிறது. "நாங்க கொடுக்கலை சார், கன்சல்டன்ட் பார்த்துக்கிட்டார்" என்ற பேச்சும் எடுபடாது, மூன்றாம் நபர் வழியாகக் கொடுத்தாலும் கொடுத்ததுதான் என்று சட்டம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதே சட்டத்தில் ஒரு கதவும் திறந்து வைத்திருக்கிறார்கள்: கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்திருந்தால் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் கொடுத்தவர் மீது குற்றம் இல்லை. கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொன்னால் அவர்கள் ரசாயனம் தடவிய நோட்டைத் தந்து அனுப்புவார்கள், அடிக்கடி செய்தியில் படிக்கிறோமே, அதுதான்.

எல்லாராலும் அந்த அளவுக்குப் போக முடியாது, தெரியும். அடுத்த வருடமும் அதே அலுவலகத்துக்குத்தான் போய் நிற்க வேண்டும். ஆனால் ஒன்று கவனியுங்கள். லைசென்ஸ் காலாவதியாகும் வாரத்தில் விண்ணப்பத்தைக் கொண்டு போகிறவரிடம்தான் கேட்பது சுலபம், ஏனென்றால் அவருக்கு நேரம் இல்லை என்பது எதிரில் இருப்பவருக்கும் தெரியும். எந்த உரிமம் எந்த மாதம் முடிகிறது என்று ஒரு எக்ஸெல் ஷீட், அதற்கு வெகு முன்னாலேயே ஆன்லைனில் விண்ணப்பம், ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பது, தாமதமானால் எழுத்தில் நினைவூட்டல், அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. அலுப்பான வேலைதான். ஆனால் மாமூல் தராமல் தொழில் நடத்துகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த அலுப்பான வேலையைத்தான்.

சரி, சட்டம் முடிவு சொல்லாத விஷயங்களுக்கு வருவோம். பர்ச்சேஸில் இருக்கிறவர்களுக்கு இது தினசரி. தீபாவளிக்கு சப்ளையர் ஸ்வீட் பாக்ஸ் கொண்டு வருகிறார். வாங்கலாமா? வாங்காவிட்டால் மனிதரை அவமதித்த மாதிரி. என் கணக்கு எளிது: ஆபீஸில் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டுத் தீர்க்க முடிவது பரவாயில்லை, வீட்டுக்குப் போய் நிலைத்து நிற்பது வேண்டாம். வெள்ளிக் காசு, மிக்ஸி, பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் எல்லாம் இரண்டாவது வகை. சில கம்பெனிகளில் வந்த பரிசையெல்லாம் ஒரே மேஜையில் வைத்துக் கடைநிலை ஊழியர் உட்பட எல்லாருக்கும் குலுக்கல் போடுகிறார்கள், நல்ல ஏற்பாடு. இதிலும் சந்தேகம் வந்தால் இப்படிக் கேட்டுக்கொள்ளுங்கள்: அடுத்த வாரம் இவருடைய லாட்டை ரிஜெக்ட் செய்ய வேண்டி வந்தால் எனக்குக் கை கூசுமா?

சொந்தக்காரர் விஷயம் இதைவிடச் சிக்கல். மச்சான் ஒரு பேக்கிங் அட்டைப்பெட்டி யூனிட் வைத்திருக்கிறார், விலையும் உண்மையிலேயே குறைவு, தரமும் சரி. வாங்கினால் என்ன தப்பு? வாங்குவதில் தப்பு இல்லை, நீங்கள் தேர்வு செய்வதில்தான் இருக்கிறது. கொட்டேஷன் கேட்பதற்கு முன்பே மேலாளருக்கு எழுதிவிடுங்கள், "இவர் என் உறவினர், இந்த வாங்குதலில் நான் ஒப்பீடும் செய்ய மாட்டேன், கையெழுத்தும் போட மாட்டேன்" என்று. முன்பே சொன்னால் அது ஒரு தகவல். மற்றவர்கள் கண்டுபிடித்த பிறகு சொன்னால், அது எவ்வளவு நேர்மையான கொள்முதலாக இருந்திருந்தாலும், விளக்கம்.

ஒரு சப்ளையரின் ரேட்டை இன்னொருவரிடம் காட்டிக் குறைக்கச் சொல்வது இங்கே ரொம்பச் சகஜம், அதைத் திறமை என்றுகூடச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. "எங்களுக்கு இந்த விலைக்குள் வேண்டும்" என்று சொல்லுங்கள், தாராளமாகப் பேரம் பேசுங்கள். ஆனால் அடுத்தவர் லெட்டர்பேடில் இருக்கும் கொட்டேஷனையோ, அவர் மெனக்கெட்டுப் போட்டுக் கொடுத்த டிராயிங்கையோ எடுத்து நீட்டுவது அவர் உங்களை நம்பிக் கொடுத்ததை விற்பதுதான்.

சின்ன சப்ளையருக்குப் பணத்தை இழுத்தடிப்பதும் இந்த வகையில் இருந்த விஷயம்தான், இப்போது சட்டத்துக்குள் வந்துவிட்டது. குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டம் சொல்கிறது. வெகு காலம் யாரும் அதைச் சீண்டவில்லை. பிறகு வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு பிரிவைச் சேர்த்து, தாமதமானால் பணத்தை உண்மையில் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் காட்டலாம் என்று 2024 ஏப்ரலில் இருந்து நடைமுறைக்குக் கொண்டு வந்ததும்தான் அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட் எல்லாம் சப்ளையர்களின் உத்யம் சான்றிதழை (குறு, சிறு நிறுவனப் பதிவுச் சான்று) தேட ஆரம்பித்தது. நேர்மையைவிட வரிக்குப் பயம் அதிகம், என்ன செய்வது.

கேட்டது தப்பு என்று தெரிந்துவிட்டது. இப்போது எப்படிச் சொல்வது? நம் ஊரில் மேலாளர் வெறும் மேலாளர் இல்லை, வயதில் மூத்தவர், வேலைக்குச் சேர்த்துவிட்டவர், சில சமயம் குடும்பத்துக்குத் தெரிந்தவர். "முடியாது சார்" என்று முகத்துக்கு நேரே சொல்வது பலருக்கு வராது. சொல்லவும் வேண்டாம். நேரம் வாங்குங்கள். "சார், இதை ஒரு வரி மெயிலில் போட்டுவிடுங்க, உடனே செய்துவிடுகிறேன்." இந்த ஒரு வாக்கியத்திலேயே நிறையக் கோரிக்கைகள் ஆவியாகிவிடும். அவர் போடவில்லை என்றால் நீங்களே போடுங்கள், குற்றம் சாட்டுகிற தொனியே இல்லாமல்: "இன்று பேசியபடி 31-ஆம் தேதியில் பில் போடச் சொன்னீர்கள். சரக்கு 2-ஆம் தேதிதான் கிளம்புகிறது. 2-ஆம் தேதியே போடட்டுமா, ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடட்டுமா?" அவருக்கும் பின்வாங்க ஒரு வழி கிடைக்கிறது. பழியை ஆடிட்டர் மேல் போடுவது கொஞ்சம் கோழைத்தனம்தான், ஆனால் வேலை செய்கிறது.

இதை எல்லாம் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆனால் பயத்தில் கம்பெனி ஃபைல்களை உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பி வைக்காதீர்கள். நாளைக்குப் பிரச்சினை பெரிதானால் முதலில் பேசப்படுவது நீங்கள் டேட்டா திருடியதுதான், மற்றதெல்லாம் அதன் பின்னால் போய்விடும்.

வாங்கிய நேரத்தில் செய்ய வேண்டிய முக்கியமான வேலை ஒன்று உண்டு. கேட்டவருக்கு நிஜமாக என்ன தேவை என்று கண்டுபிடிப்பது. க்யூசி ஆட்கள் இதை நன்றாகப் புரிந்துகொள்வார்கள். ஒரு வார்ப்பு லாட்டில் கடினத்தன்மை கொஞ்சம் குறைவாக வந்திருக்கிறது, மேலாளர் "ரிப்போர்ட்டில் லிமிட்டுக்குள்ள போட்டு அனுப்பு" என்கிறார். அவருக்குப் பொய் ரிப்போர்ட்டில் ஆசையா என்ன? வாடிக்கையாளரின் லைன் நின்றுவிடக் கூடாது, அபராதம் வரக் கூடாது, அதுதான் அவருடைய தலைவலி. அப்படியென்றால் வாடிக்கையாளரின் தரப் பிரிவுக்கு உண்மையான அளவைக் காட்டி டீவியேஷன் அப்ரூவல், அதாவது இந்த விலகலோடு ஏற்றுக்கொள்ளும் அனுமதி, கேட்கலாம். முக்கியமில்லாத இடத்தில் போகிற பாகம் என்றால் பல சமயம் தருவார்கள். நல்லதைப் பிரித்துப் பாதி லாட்டை இன்று அனுப்பலாம். மறு வெப்பச் சிகிச்சை செய்து இரண்டு நாள் தாமதத்துக்குப் போனில் மன்னிப்புக் கேட்கலாம். "முடியாது" என்று போய் நிற்கிறவரை யாருக்கும் பிடிக்காது, ஆனால் இந்த மூன்றையும் தாளில் எழுதிக்கொண்டு போய் நிற்கிறவரைத் திட்டிக்கொண்டாவது கேட்பார்கள்.

கேட்காவிட்டால்? அப்போது மிஞ்சுவது கையெழுத்து. 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலம் கிளம்புவதற்கு முந்தைய நாள், அதன் பூஸ்டர் ராக்கெட்டைச் செய்த மார்ட்டன் தியோக்கால் கம்பெனியின் பொறியாளர்கள் குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது, கிளப்பாதீர்கள் என்று வாதாடினார்கள். நாசா தரப்பு அதிருப்தி காட்டியதும், கம்பெனியின் மூத்த அதிகாரி ஒருவர் பொறியியல் பிரிவுத் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போட்டுக்கொள் என்றார். அவரும் மாறினார். அங்கே ஏவுதளத்தில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஆலன் மெக்டொனால்டு மட்டும் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார், அவருக்கு மேலே இருந்தவர் போட்டார். மறுநாள் 73 வினாடியில் வெடித்தது, ஏழு பேர் செத்தார்கள். மெக்டொனால்டு விசாரணைக் கமிஷனிடம் நடந்ததைச் சொன்னார், கம்பெனி அவரைப் பதவி இறக்கியது, அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்ட பிறகு திரும்ப உயர்த்தி அந்த ராக்கெட் இணைப்பை மறுவடிவமைக்கும் பொறுப்பையே கொடுத்தார்கள். அவர் மறுத்ததால் ஏவுதல் நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நம் கையெழுத்து இல்லாமலும் காரியம் நடக்கும். ஆனாலும் "நீங்க போடலைன்னா வேற யாராவது போடுவாங்க" என்று சொன்னால், போடட்டும். அந்த வேறு யாரோவுக்கும் ஒரு நிமிடம் யோசிக்க நேரம் கிடைக்கும்.

கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன், எனக்குத் தெரிந்து இதைவிட நல்லது கிடையாது. எந்த அட்ஜஸ்ட்மென்ட் சொன்னாலும், "அடுத்த மாதம் இதை எப்படிச் சரி செய்வோம்?" என்று கேளுங்கள். சரியான பதில் இருந்தால், அதாவது ரசீது வரும், பணம் வரும், என்ட்ரியை ரிவர்ஸ் செய்வோம் என்றால் பிரச்சினை இல்லை. "அடுத்த மாதமும் இதே மாதிரி..." என்று இழுத்தால், தொடவே தொடாதீர்கள். சத்யம் கம்ப்யூட்டர்ஸில் நடந்தது இதுதான். 2009 ஜனவரி 7-இல் அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், உண்மையான லாபத்துக்கும் கணக்கில் காட்டிய லாபத்துக்கும் இருந்த சின்ன இடைவெளியில்தான் தொடங்கியது என்றும், வருடா வருடம் வளர்ந்து சமாளிக்க முடியாத அளவுக்குப் போனது என்றும் ஒப்புக்கொண்டார். இல்லாத ரொக்கம், வங்கி இருப்பு மட்டும் 5,040 கோடி ரூபாய். முதல் காலாண்டில் அந்த என்ட்ரியைப் போட்டவருக்கு அது ஒரு அட்ஜஸ்ட்மென்டாகத்தான் இருந்திருக்கும்.

முதலாளியாகவோ மேலாளராகவோ இருக்கிறீர்கள் என்றால், ஊழியருக்கு நேர்மை வகுப்பு எடுப்பதைவிட உங்கள் டார்கெட்டை எடுத்துப் பாருங்கள். அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கி ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் இத்தனை கணக்கு விற்றாக வேண்டும் என்று நெருக்கி, ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்குத் திறந்து, 2016-இல் 18.5 கோடி டாலர் அபராதம் கட்டியது. சுமார் 5,300 ஊழியர்கள் வேலை இழந்தார்கள். நேர்வழியில் எட்டவே முடியாத டார்கெட்டைக் கொடுத்துவிட்டு, எட்டியதும் எப்படி எட்டினாய் என்று கேட்காமல் கைதட்டினால், கோணல் வழியில் போகச் சொல்லி நீங்களே அனுப்பியதாகத்தான் அர்த்தம்.

இன்னொன்று, சில விஷயங்களில் நீங்கள் முடிவே எடுக்கக் கூடாது. ஒரு பெண் ஊழியர் உங்களிடம் வந்து இன்னார் தொல்லை கொடுக்கிறார் என்று சொன்னால், இரண்டு பேரையும் கூப்பிட்டு வைத்துப் "பேசித் தீர்த்து" அனுப்புவது பெரிய மனிதத்தனம் இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும், தலைமை ஒரு மூத்த பெண் ஊழியர், வெளியாள் ஒருவர் உறுப்பினர். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும் என்பதால், நீங்கள் "கொஞ்ச நாள் பார்க்கலாம்மா" என்று சொல்லும் ஒவ்வொரு வாரமும் அவருடைய நேரம். குழுவுக்கு எப்படிப் போவது என்று சொல்லுங்கள், எழுத உதவி வேண்டுமா என்று கேளுங்கள், பெயரை வெளியே விடாதீர்கள். அத்தோடு உங்கள் வேலை முடிந்தது.

கடைசியாக, வெளியே சொல்வது பற்றி. இதில் வீர வசனம் பேச எனக்கு விருப்பமில்லை. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் பொறியாளராக இருந்த சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைத் திட்டத்து முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதி, தன் பெயரை ரகசியமாக வைக்கும்படியும் கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27-இல் கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகுதான் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் ரகசியப் புகார் வாங்கும் ஏற்பாடு 2004-இல் வந்தது. 2014-இல் தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது, ஆனால் நடைமுறைக்குக் கொண்டு வரவில்லை. தனியார் துறையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளில் புகார் சொல்ல ஒரு முறை இருந்தாக வேண்டும், ஆடிட் கமிட்டித் தலைவர் வரை நேரடியாகப் போகலாம். சின்னக் கம்பெனியில் அதுவும் இல்லை.

அதனால் கணக்குப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால், பாய்லர், மருந்து, பிரேக், உணவு மாதிரி, சொல்லியே ஆக வேண்டும், பெயர் சொல்லாமலாவது. பணம் மட்டும் என்றால், உங்கள் வீட்டு நிலைமை, இ.எம்.ஐ., பிள்ளைகள் எல்லாவற்றையும் எடை போட்டுவிட்டு, சொல்வதா விலகுவதா என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும், வெளியில் இருந்து யாரும் உங்களைக் கோழை என்று சொல்ல உரிமை இல்லை. தனியாகப் போகாதீர்கள், முதலில் ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் பேசுங்கள். கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறவருக்கு "முடியாது" என்று சொல்வது சுலபம், ஆகவே இப்போது எல்லாம் நன்றாகப் போகிறது என்றாலும் அந்தச் சேமிப்பை ஆரம்பித்துவிடுங்கள்.

விலகுவது என்று முடிவானால் நோட்டீஸ் காலத்தை ஒழுங்காக முடியுங்கள், ஹேண்ட்ஓவரை எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள், உங்கள் பெயரில் இருக்கும் வங்கி, ஜி.எஸ்.டி. லாகின், டிஜிட்டல் கையொப்பம் எல்லாவற்றையும் நீக்கியதற்கு மெயில் வாங்கிய பிறகே ரிலீவிங் லெட்டரோடு வெளியே வாருங்கள். அடுத்த இண்டர்வியூவில் ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், "சில நடைமுறைகளில் எனக்கு உடன்பாடு இல்லை" என்று ஒரு வரி போதும், பழைய முதலாளியின் பெயரை இழுக்க வேண்டாம். அந்த ஒரு வரியைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். அங்கே சேரலாமா வேண்டாமா என்பது பாதி தெரிந்துவிடும்.